பஞ்சுவின் துணைப் பிராணி

தீவை நாய்களுக்கு உகந்த தீவாக அறிவித்த அன்றுதான் நாய்கள் கடற்கரைக்குப் போவது நின்றது.

அதுவரைக்கும் அங்கே நாய்களைப் பற்றி யாருக்கும் தனியாக ஓர் அபிப்பிராயம் இருந்ததில்லை. அவை பாட்டுக்குக் கடலுக்குப் போகும், அலையோடு சண்டை போடும், தோற்றுப்போய் மணலில் புரளும், படகுத்துறையில் யார் மடியிலாவது ஈரத்தோடு வந்து உட்காரும். மக்கள் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே தடவிக் கொடுப்பார்கள். இப்படிக் கேட்பாரில்லாமல் ஒரு சந்தோஷம் நடந்துகொண்டிருப்பது மேலிடத்தின் கண்ணை உறுத்தியது. பயணிகள் இப்போதெல்லாம் நாயைக் கூட்டிக்கொண்டுதான் விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள் என்றும் யாரோ ஒரு மாநாட்டில் காதில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். உடனே நாய்நேய உலா வாரியம் பிறந்தது. பிறந்த கையோடு கடற்கரை நெடுகக் கம்பி வலை அடித்து வேலி போட்டது. வேலிக்கு ஒரு வாசல். வாசலுக்கு மேலே, ‘நாய்களே, வருக!’ என்று பெரிய பலகை. பலகைக்குக் கீழே ஒரு காவலாளி, வரும் நாய்களைத் திருப்பி அனுப்புவதற்கு.

முதல் நாளே திரும்பி வந்தவர்களில் சோபாக்காரரும் ஒருவர்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கூடத்தில் அவருக்குத் தொழில். அமுங்கிப்போன சோபா, கிழிந்த கார் சீட், முதுகு குத்தும் நாற்காலி எல்லாவற்றையும் பிரித்து, உள்ளே புதுசாக அடைத்துக் கொடுப்பார். உறை தைப்பது மனைவி. அவர் வாயில் எந்நேரமும் நாலைந்து குட்டி ஆணிகள் இருக்கும் என்பதால் அந்த வீட்டில் பேச்சுக்கு அவள்தான் பொறுப்பு. நாய் ஒருநாள் பஞ்சு மூட்டைக்குள் தானாக வந்து படுத்திருந்த குட்டி. மூட்டையைப் பிரித்தபோது தும்மியது. அதனால் பஞ்சு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பஞ்சுவுக்கு இப்போது வயதாகிவிட்டது. பின்னங்கால் சேரும் இடுப்பில் தேய்மானம். கால்நடை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “மாத்திரை எல்லாம் சும்மா மனசு சமாதானத்துக்குங்க. தினம் கடல்ல நீந்த விடுங்க. தண்ணியில உடம்போட கனம் தெரியாது, கால் தன்னால வேலை செய்யும். நிறுத்திட்டீங்கன்னா, அப்புறம் பின்பக்கத்தை இழுத்துக்கிட்டுத்தான் போகும்” என்று சொல்லியிருந்தார். அதனால் சாயங்காலம் கடையைச் சாத்தியதும் சோபாக்காரரும் மனைவியும் பஞ்சுவும் கடலுக்குப் போவது வழக்கம். இவர்கள் கரையில் உட்கார்ந்திருப்பார்கள், அது நீந்தும்.

“இது நாய்க்கான கடற்கரைதானே?” என்று காவலாளியிடம் கேட்டார் சோபாக்காரர்.

“ஆமாங்க.”

“இது நாய்தானே?”

காவலாளி குனிந்து பஞ்சுவை நன்றாகப் பார்த்தார். நல்ல மனிதர். “பார்த்தா அப்படித்தாங்க தெரியுது. ஆனா நான் பார்த்துச் சொல்றது செல்லாது. வாரியம் சொல்லணும்.”

சோபாக்காரருக்கு அலுவலகம் என்றால் அலர்ஜி. முதலில் வீட்டிலேயே சமாளிக்கப் பார்த்தார். பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, உப்பை அள்ளிப் போட்டு, அலைக்காக ஒரு துடைப்பத்தால் கலக்கினார். பஞ்சு அதில் இறங்கி நின்று அவரை நிமிர்ந்து பார்த்தது. பாவம், இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிற பார்வை. அதற்குப் பிறகு ஒருநாள் வாசல்படி ஏறும்போது அதன் பின்னங்கால்கள் வழுக்கிப் பக்கவாட்டில் பரப்பிக்கொண்டு போயின. எழுந்திருக்க முயன்று முடியாமல், யாராவது பார்த்தார்களா என்பதுபோலத் தலையைத் திருப்பியது. சோபாக்காரர் வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

“நாளைக்கு வாரியத்துக்குப் போறேன்” என்றார்.

வாரியத்தின் தலைமையகம் குளுகுளுவென்று இருந்தது. சுவரெல்லாம் நாய்ப் படங்கள். கதவில் மட்டும், ‘நாய்களுக்கு அனுமதி இல்லை.’ பஞ்சுவை வெளியே ஜன்னலுக்குக் கீழே நிழலில் கட்டிவிட்டு உள்ளே போனார். நேய ஆய்வாளர் என்று ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத உடுப்பு. சிரிப்பு வந்தால்கூட விதியில் இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார் போலிருந்தது.

“நாயைக் கூட்டிட்டு வந்தீங்களா?”

“வெளிய கட்டியிருக்கேம்மா. உள்ள விட மாட்டேங்கறாங்க.”

“சரியாத்தான் பண்ணியிருக்காங்க. இது நாய்நேய வாரியம். நாயெல்லாம் உள்ள வந்தா வேலை என்னத்துக்கு ஆகும்? ஆனா நேர்காணல் நாய்க்குத்தான். அதனால நாய்க்குப் பதிலா நீங்க பதில் சொல்லணும். நாயாவே இருந்து சொல்லணும்.”

சோபாக்காரர் சரியென்று தலையாட்டினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எதுக்காகக் கடற்கரைக்குப் போறீங்க?”

“அதுக்குக் கால் வலிம்மா, டாக்டர் நீந்தச் சொல்லி…”

“அதுக்குன்னா எதுக்கு? நாயா இருந்து சொல்லுங்கன்னேன்.”

“எனக்குக் கால் வலி. பின்னங்கால்.”

“ம். முன்னங்கால் எப்படி?”

சோபாக்காரர் தம் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா இருக்கும்மா.”

“வேற ஒரு நாய் எதிர்ல வந்தா என்ன செய்வீங்க?”

“மோந்து பார்ப்பேன்.”

“எங்கே?”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அதை எப்படிம்மா உங்க முன்னாடி சொல்றது?”

“கூச்ச சுபாவம்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார் ஆய்வாளர். அது பிளஸ் பாயிண்டா மைனஸா என்று முகத்தில் தெரியவில்லை. “சரி, கடைசியா ஒண்ணு. குரைங்க.”

சோபாக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்து மேசையில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர்கூட நிமிரவில்லை, தினமும் நடக்கிற காரியம்போல. சோபாக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, “வள்” என்றார்.

ஜன்னலுக்குக் கீழிருந்து கம்பீரமாகப் பதில் வந்தது: “வவ்! வவ் வவ்!”

“அது யாரு?”

“அதுதாம்மா பஞ்சு. அதுக்காகத்தான் வந்தேன்.”

ஆய்வாளர் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தார். “உங்க குரைப்புல ஒரு தயக்கம் இருந்தது. ஜன்னல் வழியா வந்ததுல நேர்மை இருந்தது. நான் ஜன்னலுக்கே மார்க் போடறேன். நாய் பாஸ்.”

பஞ்சுவுக்கு ஒரு மஞ்சள் வில்லை கிடைத்தது. சோபாக்காரர் கும்பிடாத குறையாக எழுந்தார். “உட்காருங்க” என்றார் ஆய்வாளர். “நாய்தான் பாஸ். நீங்க நாய்மேல நேயமா இருக்கீங்களான்னு பார்க்க வேண்டாமா? அதைத் தலைவர் நேர்லயே பார்ப்பார்.”

தலைவர் முன்பு கடல்நீரில் உப்புக் குறைக்கும் துறையில் இருந்தவர். எத்தனை வருடம் இருந்தும் கடலில் உப்பு குறையாததால், நீண்ட அனுபவம் உள்ளவர் என்று முடிவுசெய்து பதவி உயர்வோடு இங்கே போட்டிருந்தார்கள். அவர் அறையின் நடுவில் ஒரு மேசை, மேசைமேல் ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு பொம்மை நாய். தலைவர் அறையின் அந்தக் கோடியில், சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். பொம்மை கண்ணாடிக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நாய்கள் என்றால் எனக்கு உயிர்” என்று அங்கிருந்தே ஆரம்பித்தார். மேடையில் பேசிப் பேசி, தனியாகப் பேசுவதற்கும் அவருக்கு அதே குரல்தான். “அதனால்தான் இந்தப் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாயைக்கூட நான் தொந்தரவு செய்ததில்லை. ஒன்றைக்கூட நேரில் சந்தித்ததில்லை. கடற்கரை நாய்களின் சொத்து. சொத்தைப் பூட்டி வைப்பதுதானே பாதுகாப்பு? இன்று போய்ப் பாருங்கள். மணலில் ஒரு கால்தடம் கிடையாது. நாய்களால் அசுத்தமாகாத ஒரே நாய்க் கடற்கரை உலகத்திலேயே நம்முடையதுதான்!”

ஆய்வாளர் கை தட்டினார். சோபாக்காரரும் தட்டினார்.

“இப்ப இந்த நாயைத் தொட்டுப் பாருங்க” என்றார் ஆய்வாளர். “அதுக்குள்ள என்ன இருக்குன்னு உணர்ந்து சொல்லுங்க. அவசரமில்ல.”

பொம்மையின் வயிற்றில் கை வைத்ததும் கை தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கட்டைவிரல் அழுத்தியது, தையலைத் தேடியது, ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தது.

“வெட்டுத் துண்டு ஸ்பாஞ்சும்மா. வயித்துல சுத்தமா ஒண்ணும் இல்ல, தலையில மட்டும் திணிச்சு வச்சிருக்கான். யாரோ ஏமாத்திட்டாங்க. பிரிச்சுக் குடுத்தா நானே நல்லா அடைச்சுத் தர்றேன்.”

ஆய்வாளர் பேனாவை மூடினார்.

“சரியான விடை, ‘அன்பு’ ” என்றார் ஆய்வாளர்.

சோபாக்காரர் ஃபெயில். ஒரு வீட்டுக்கு ஒரே தேர்வுதான், மறுதேர்வு கிடையாது.

மறுநாள் சாயங்காலம் வாசலில் காவலாளி பஞ்சுவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். “வாங்க பஞ்சு.” பிறகு சோபாக்காரரின் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டி, “நீங்க நில்லுங்க” என்றார். பஞ்சு நொண்டிக்கொண்டே உள்ளே போய், இவர் வராததைப் பார்த்ததும் வாசலுக்கு நேராக மணலில் உட்கார்ந்துவிட்டது. வாரியம் ஓர் உலாத் துணைவரை அனுப்பியது. கழுத்தில் விசில் தொங்கிற்று. நாயைத் தொடக்கூடாது என்பது அவருக்கு உத்தரவு. அதனால் எட்ட நின்று, கடலின் பெருமை பற்றிய வரவேற்புரையை வாசித்தார். பஞ்சு கொட்டாவி விட்டது. அவர் வாசித்து முடித்துவிட்டு விசில் ஊதியபோது அது தூங்கிவிட்டிருந்தது. தண்ணீர் நாலு எட்டில் இருந்தது.

சோபாக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. நாயும் சாப்பிடவில்லை. அவர் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் தையல் மெஷினை மூடினாள்.

“நீங்க போய் நாயாட்டம் குரைச்சுப் பார்த்துட்டீங்க. நாளைக்கு நான் போய் மனுஷியாட்டம் குரைக்கிறேன்.”

குரைத்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஆய்வாளர் மட்டும் அசையவில்லை.

“நாங்க எந்த உயிரையும் ஒதுக்கலைம்மா. விதியை நீங்க முழுசாக் கேக்கணும். பாஸான நாய் தனியா வரணும்னு கட்டாயமே இல்ல. உலாவுக்கு வரும்போது அது தன்கூட ஒரு துணைப் பிராணியைக் கூட்டிக்கிட்டு வரலாம். ஆடு, பூனை, கிளி, எதுவா இருந்தாலும் சரி. எவ்வளவு தாராளம் பாருங்க!”

சோபாக்காரம்மா மூச்சு வாங்க நிறுத்தினாள். “எதுவா இருந்தாலுமா?”

“முதுகெலும்பு இருந்தாப் போதும்.”

“என் வீட்டுக்காரருக்கு இருக்கே” என்றவள், ஒரு கணம் திரும்பி, கூடவே வந்து பின்னால் நின்ற அவரைப் பார்த்துக்கொண்டாள். “இருக்குன்னுதான் நினைக்கிறேன்.”

ஆய்வாளர் ஒரு விஷயத்தில் தங்கமானவர். விதியில் இல்லாததைக் கூரை இடிந்தாலும் செய்ய மாட்டார். விதியில் தடுக்காததைக் கூரை இடிந்தாலும் தடுக்க மாட்டார். ‘மனிதர் நீங்கலாக’ என்று எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. நேரே தலைவரிடம் கூட்டிப்போனார். தலைவர் கண்ணை மூடி யோசித்தார்.

“மனிதன் ஒரு பிராணி என்பதை இந்த வாரியம் ஒருநாளும் மறுத்ததில்லை” என்றார். “சொல்லப்போனால், நம் வாசலில் வந்து நிற்பவர்களை ஆரம்பத்திலிருந்தே நாம் அப்படித்தான் நடத்தி வருகிறோம். அனுமதிக்கலாம்.”

துணைப் பிராணிக்கு என்று வாரியம் பல சேவைகள் வைத்திருந்தது. அவை எல்லாவற்றையும் முடித்தால்தான் கழுத்துப்பட்டை. பஞ்சுவும் அவரும் முதலில் சிகை மண்டபத்துக்குப் போனார்கள். சிகைக்காரி குண்டாக, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்தாள். மேசையில் ஏறச் சொன்னாள். ஏறினார். 

“கையைக் குடு செல்லம். சமத்து! வலிக்காது, வலிக்காது.”

நகம் வெட்டினாள், முடி வெட்டினாள், உண்ணி இருக்கிறதா என்று பிடரியைக் கோதிப் பார்த்தாள். காதைத் திருப்பி விளக்கைப் பிடித்தவள், “அடடா, ரெண்டு காதுலயும் பஞ்சு அடைச்சிருக்கே! இத்தனை நாளா உனக்கு எப்படிக் காது கேட்டுது?” என்றாள்.

“என் சம்சாரம் சத்தமாத்தான் பேசுவா.”

கால்நடை டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாக்கை நீட்டச் சொன்னார், பூச்சி மாத்திரை கொடுத்தார், குனிந்தே வேலை செய்து கூன் விழுந்திருந்த முதுகை நீவி விட்டார். ஊர் ஆஸ்பத்திரியில் இதே முதுகோடு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று, ‘அப்புறம் வாய்யா’ என்று திட்டு வாங்கி வந்தவர் அவர். இங்கே வரிசையே இல்லை. மாத்திரையைச் சமர்த்தாக விழுங்கியதற்கு ஒரு பிஸ்கட் வேறு கொடுத்தார்கள். சோபாக்காரர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எந்த அலுவலகத்திலும் இதுவரை அவர் தலையை யாரும் தடவிக் கொடுத்ததில்லை.

அன்று சாயங்காலம் கழுத்தில் பட்டையோடும், பட்டையில் வாரோடும் வாசலுக்கு வந்தார். வாரின் மறுமுனை பஞ்சுவின் வாயில் இருந்தது. நேற்றுவரை கையை நீட்டி மறித்த காவலாளி, “உள்ள வாடா தங்கம்!” என்றார்.

பஞ்சு அவரை இழுத்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்குப் போயிற்று. முதல் அலையில் தடுமாறியது. இரண்டாவது அலை அதைத் தூக்கிக்கொண்டது. அவ்வளவுதான், நிலத்தில் இழுபட்டுக் கிடந்த பின்னங்கால்கள் தண்ணீருக்கடியில் மெல்ல உதைக்கத் தொடங்குவதை அவர் முகத்தைத் தண்ணீருக்குள் முக்கி, கண்ணைத் திறந்து பார்த்தார். உப்பு எரிந்தது. வெளியே வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

“உதைக்குதும்மா! ரெண்டு காலும் உதைக்குது!”

அவள் ஒரு கையில் அவர் செருப்பை வைத்துக்கொண்டு, மறு கை விரல்களைக் கம்பி வலைக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாய்க்கு ஒரு துணைப் பிராணிதான். அவளுக்கு இடமில்லை.

செய்தி தீவில் தீயாகப் பரவியது. கடலுக்காக மட்டுமில்லை, அந்தப் பூச்சி மாத்திரைக்கும் பிஸ்கட்டுக்கும் ‘செல்லம்’ என்ற வார்த்தைக்கும் சனங்கள் அலைமோதினார்கள். கண்டக்டர் தம் நாய்க்குத் துணைப் பிராணி ஆனார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஆனார். தபால்காரர், இத்தனை காலம் யாரைக் கண்டு தலைதெறிக்க ஓடினாரோ அந்த நாயிடமே போய், தம்மை எடுத்துக்கொள்ளும்படி மண்டியிட்டுக் கெஞ்சினார். நாய்களுக்கு மவுசு ஏறிவிட்டது. ஒவ்வொரு நாயின் பின்னாலும் நாலு பேர் பிஸ்கட்டோடு அலைந்தார்கள். அவை நின்று, முகர்ந்து, பிடிக்காவிட்டால் அடுத்த ஆளிடம் போயின. மனிதர்களின் ஆஸ்பத்திரி ஈ ஓட்டியது. கால்நடை டாக்டர் ஆள் வைத்துக் கூட்டத்தைச் சமாளித்தார்.

சோபாக்காரம்மாவும் ஒரு நாயைத் தேடினாள். மாவு மில் நாயிடம் போனாள். அது மில்காரரைவிட்டு வர மறுத்தது. பேக்கரி நாய் அவளை முகர்ந்துவிட்டுத் தும்மிவிட்டுப் போய்விட்டது. அன்று வீட்டில் ஒரு சோபா உறையை வெறிகொண்டு தைத்தாள்.

“நான் விலகிக்கறேன்” என்றார் சோபாக்காரர். “நீ போ பஞ்சுவோட.”

“அது உங்களைத்தான் இழுத்துக்கிட்டுப் போகுது. நான் போய், நடுவுல அது உட்கார்ந்துடுச்சுன்னா? கால் இப்பத்தான் கொஞ்சம் ஊணுது.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “எனக்கென்ன. நான் செருப்பைப் பார்த்துக்கறேன்.”

அவள் அதைச் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதன்பிறகு தண்ணீரில் இருந்தாலும் அவர் கண் வேலிப் பக்கமே போயிற்று.

அப்படியிருக்கும்போதுதான் வெளிநாட்டுக் குழு வந்தது. நாய்களுக்கு உகந்த தீவுகளைப் பார்வையிட்டுப் பரிசு கொடுக்கும் குழு. அவர்கள் தங்கள் நாய்களோடு வந்தார்கள். அந்த நாய்களை ஜன்னலுக்குக் கீழே நிறுத்திக் குரைக்கவைத்து முன்கூட்டியே பாஸ் போட்டாகிவிட்டது. கடற்கரையில் மேடை, மேடையில் மைக், மணல் முழுக்க நாய்களும் அவற்றின் துணைப் பிராணிகளும். தலைவர் புதுச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாகக் காரிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தார்.

காவலாளி ஒரு சல்யூட் அடித்தார். அடித்த கையை அப்படியே குறுக்கே நீட்டினார்.

“ஐயா, நாய் எங்கேங்க?”

“என்னய்யா உளறுகிறாய்? நான் தலைவர்!”

“தெரியுங்கய்யா. தலைவரை விடாதேன்னு யாரும் சொல்லல. நாய் இல்லாத யாரையும் விடாதேன்னு நீங்கதான் சொன்னீங்க.”

தலைவர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் உண்மையிலேயே துடித்துப்போனார். ஆனாலும் விதி விதிதான். “ஐயா, நேயத் தேர்வு எழுதியிருந்தாக்கூட விட்டுடலாம். நீங்க இன்னும் அந்தப் பொம்மையைத் தொடலையே.”

உள்ளே மைக்கில் அவர் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பக்கத்தில் சோபாக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் செருப்போடு.

“முதல்நாள் அப்படித்தாங்க இருக்கும்” என்றாள் அவள். “அப்புறம் பழகிடும். வெயில்ல நிக்காதீங்க, இந்தத் தென்னை நிழல் இங்க வரைக்கும் வரும். நான் வழக்கமா இங்கதான் நிப்பேன்.”

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. நகர்ந்து நிழலில் நின்றார். இந்தத் தீவில் அவருக்கு யாரும் இதுவரை இடம் நகர்ந்து கொடுத்ததில்லை, நாற்காலிதான் கொடுத்திருக்கிறார்கள்.

“ஏதாவது ஒரு நாய் இல்லையா?” என்றார், மேடைக் குரலை எங்கேயோ தொலைத்துவிட்டு.

“எல்லா நாய்க்கும் ஆள் ஆயிடுச்சுங்கய்யா” என்றார் ஆய்வாளர். “படகுத்துறையில கிழிசல் காது மட்டும் இருக்கு. அது யாரையும் சேர்த்துக்காது. நேர்காணலுக்கும் வந்ததில்ல. ஆனா நீங்க அதுக்குப் பதிலா இங்கயே பதில் சொல்லலாம்.” கொஞ்சம் தயங்கினார். “குரைக்கணும்.”

மேடையில் கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். தலைவர் டையைத் தளர்த்திக்கொண்டார். முதலில் “வள்” என்று சின்னதாக ஒன்று வந்தது. அவருக்கே அது போதவில்லை போலும். மூச்சை இழுத்துக்கொண்டு, உப்புத் துறையில் தொடங்கி இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் சேர்த்து வைத்து, வானத்தைப் பார்த்து ஒரு குரைப்புக் குரைத்தார் பாருங்கள், தென்னையிலிருந்து காக்கைகள் கிளம்பின. வெளிநாட்டு நாய்கள் வாலை மடக்கின. படகுத்துறைப் பக்கமிருந்து, ஒரு காது கிழிந்த செம்மண் நிற நாய், யாரது என்பதுபோல ஓடி வந்தது.

தலைவர் தென்னைமரத்தோடு ஒட்டிக்கொண்டார். கிழிசல் காது அவரைச் சுற்றி வந்தது. அவர் கையை முகர்ந்தது. வியர்வை உப்பு அதற்குப் பிடித்திருக்க வேண்டும்; விரல் விரலாக நக்கிற்று.

“பாஸ்!” என்று கத்தினார் ஆய்வாளர்.

வாருக்கு எங்கே போவது? சோபாக்காரம்மா தோள்பையிலிருந்து உறைத் துணிக் கிழிசல் ஒன்றை எடுத்து, தலைவர் கழுத்தில் ஒரு முனையைத் தளர்வாக முடிந்து, மறுமுனையை நாயிடம் நீட்டினாள். அது கவ்விக்கொண்டது. காவலாளி வழிவிட்டார்.

மேடை ஏறியதும் தலைவர் மைக்கைப் பிடித்தார். எழுதி வைத்திருந்த பேச்சு காரிலேயே இருந்தது. “அன்பு நாய்களே, துணைப் பிராணிகளே” என்று ஆரம்பித்தவர், நிறுத்தினார். “என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை வழிமறித்திருக்கிறேன். என்னை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. இன்றைக்குத்தான்…”

பேச்சில் கிழிசல் காதுக்குச் சுவாரஸ்யமில்லை. வாரைச் சுண்டி இழுத்தது. தலைவர் மேடையிலிருந்து இறங்கி, மணலில் ஓடி, பளபளக்கும் ஷூவோடு அப்படியே கடலுக்குள் போய்விட்டார். இது நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்த வெளிநாட்டுக் குழு, எழுந்து நின்று கை தட்டிவிட்டு, தங்கள் நாய்களின் பின்னால் அதே வேகத்தில் ஓடித் தண்ணீரில் விழுந்தது. கண்டக்டர் விழுந்தார். தலைமையாசிரியை விழுந்தார். தபால்காரரை அவர் நாய் தள்ளிவிட்டது.

வாசலுக்கு வெளியே மூன்று பேர் மட்டும் மிச்சம்: ஆய்வாளர், காவலாளி, சோபாக்காரம்மா.

இடுப்பளவு தண்ணீரில், பஞ்சுவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சோபாக்காரர் அதைப் பார்த்தார். என்றைக்கும் யாரிடமும் எதுவும் கேட்காதவர், அலையில் தத்தளித்துச் சிரித்துக்கொண்டிருந்த தலைவரின் தோளைத் தொட்டார்.

“ஐயா, என் சம்சாரம் வெளிய நிக்குது.”

தலைவர் திரும்பிப் பார்த்தார். நிழலையும் அதில் நிற்பவளையும் பார்த்தார். “கதவைத் திறங்கள்!” என்று கத்தினார். “எல்லோரையும் விடுங்கள்!”

ஆய்வாளரின் குரல் வேலிக்கு அப்பாலிருந்து மன்னிப்புக் கேட்கும் தொனியில் வந்தது. “ஐயா, நீங்க இப்பத் துணைப் பிராணியா உள்ள இருக்கீங்க. துணைப் பிராணி உத்தரவு போடறதுக்கு விதியில இடமில்லைங்கய்யா!”

தலைவர் திகைத்தார். கிழிசல் காதைப் பார்த்தார். சோபாக்காரரைப் பார்த்தார். பிறகு இருவருமாகச் சேர்ந்து குரைத்தார்கள். பஞ்சு சேர்ந்துகொண்டது. கண்டக்டர், தலைமையாசிரியை, தபால்காரர், வெளிநாட்டார், அத்தனை நாய்கள், அத்தனை பேரும் கடலுக்குள் நின்றபடி வாசலைப் பார்த்துக் குரைத்தார்கள்.

ஆய்வாளர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “குரைப்புக்குக் கீழ்ப்படியக் கூடாதுன்னு விதியில இல்ல” என்றார். சொல்லிவிட்டுக் கதவை அகலத் திறந்தார். காவலாளி தொப்பியைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினார். ஆய்வாளர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கும்போது முதல்முறையாக, எந்த விதியையும் பார்க்காமல், சிரித்தார்.

சோபாக்காரம்மா செருப்பை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். முழங்கால் அளவு வந்ததும் நின்றுவிட்டாள்.

“என்னங்க, எனக்கு நீந்தத் தெரியாதே.”

“எனக்கு மட்டும் தெரியுமா? வா, பஞ்சு பார்த்துக்கும்.”

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். ஒரு பெரிய அலை வந்து இருவரையும் காலை வாரிவிட்டுப் போயிற்று. எழுந்தபோது அவள் மூக்கிலும் வாயிலும் கடல். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், பஞ்சு நாலு காலாலும் துழாவிக்கொண்டு தங்களைச் சுற்றி வருவதைக் கண்டு, அது ஒரு வட்டம் முடிக்கிறவரை பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தீவுக்கு முதல் பரிசு கிடைத்தது. வாரியம் இன்றும் இருக்கிறது, தலைவரும் அவரேதான். ஆனால் அவர் படகுத்துறையில் கிழிசல் காதோடு குடியிருக்கிறார். அவசரமாக ஒரு கையெழுத்துத் தேவைப்பட்டால் ஆய்வாளர் பிஸ்கட்டோடு போய், அதனிடம் அனுமதி கேட்டு, அவரைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கி வருவார். ஒரே நிபந்தனை, சாயங்காலம் கடலுக்குப் போகிற வேளைக்குள் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.